உதிரி என்னும் சொல்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோக் கணக்கில் விலைபோகிறது. அதே மல்லிகையைச் சற்று நேரம் கழித்துக் கோபியிலோ ஈரோட்டிலோ ஒரு கோயில் வாசலில் வாங்கப் போனால் அங்கே தராசு இருப்பதில்லை. பூக்காரம்மா தம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்துப் பிடித்து, ஒரு முழம், இரண்டு முழம் என்று அளந்து அறுத்துத் தருகிறார். பூ மாறவில்லை; இடையில் ஒரு நார் புகுந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நார் புகுந்தவுடன் எடையால் அளக்கப்பட்ட பொருள் நீளத்தால் அளக்கப்படும் பொருளாகிவிட்டது. நார் புகுவதற்கு முன் அதற்குப் பெயர் உதிரிப்பூ. புகுந்த பின் அதற்குப் பெயர் சரம்.

இந்த ‘உதிரி’ என்னும் சொல்லைப் பூக்கடையில் மட்டுமன்றி, லேத் பட்டறையிலும் கிரிக்கெட் செய்தியிலும் இலக்கிய வகுப்பிலும் தேர்தல் மேடையிலும் கேட்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் அது சற்றே வேறு பொருளைத் தருவதால், புதிதாகக் கேட்பவருக்கு இவையெல்லாம் ஒரே சொல்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரே சொல்தான். அது எங்கே எப்படிப் பொருள் மாறுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ள ஓர் எளிய வழியும் உண்டு: உதிரி என்று எதைச் சொன்னாலும், ‘எதிலிருந்து உதிர்ந்தது’ அல்லது ‘எதில் சேரப்போகிறது’ என்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்காவது விடை இருக்கும். விடையே இல்லாத பொருளை நாம் உதிரி என்று சொல்வதில்லை. வானத்து விண்மீன்கள் தனித்தனியாகத்தான் தெரிகின்றன. ஆயினும் அவற்றை உதிரி என்பாரில்லை, ஏனெனில் அவை எந்தச் சரத்திலிருந்தும் விழுந்தவையாக நமக்குத் தோன்றுவதில்லை.

சொல்லின் வேர் ‘உதிர்’ என்னும் வினை. அதனோடு இகர விகுதி சேர்ந்து பெயராயிற்று. உதிர்தலும் விழுதலும் ஒன்றுபோல் தோன்றினும் தமிழ் இவற்றைக் கலப்பதில்லை. தென்னையிலிருந்து தேங்காய் விழும். முருங்கையிலிருந்து பூ உதிரும். பல்லும் விழுகிறது, மயிரோ உதிர்கிறது. சிறியனவும் பலவுமான பொருள்கள், தம்மை ஒன்றாக நிறுத்தியிருந்த காம்பையோ கதிரையோ விட்டு நீங்கும்போதுதான் உதிர்தல் என்கிறோம். சோளக் கதிரைக் கையால் தேய்த்து மணிகளைப் பிரிக்கும்போது அதுவே ‘உதிர்த்தல்’ என்னும் பிறவினையாகிறது. ஆகவே சிறுமை, பன்மை, முன்பிருந்த ஒரு பிணைப்பு ஆகிய மூன்றும் இந்த வேரிலேயே அடங்கியிருக்கின்றன. இரத்தத்தைக் குறிக்கும் ‘உதிரம்’ ஒலியால் மட்டும் நெருங்கி நிற்பது. அது வடமொழி ‘ருதிரம்’ தமிழில் கொண்ட வடிவம், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

மீண்டும் பூவுக்கே வருவோம். தோட்டக்கலை நூல்களில் உதிரி மலர், கொய்மலர் என்று இரு பிரிவுகள் உண்டு. காம்பு நீக்கிப் பூவாக மட்டும் பறித்து விற்பது உதிரி மலர்; நீண்ட தண்டோடு வெட்டிப் பூச்சாடியில் நிறுத்துவதற்கென விற்பது கொய்மலர். சம்பங்கியை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். ஒற்றை அடுக்கு இதழ்களை உடைய சம்பங்கியைப் பெரும்பாலும் உதிரியாகப் பறித்து மாலைக்கு அனுப்புகிறார்கள். இதழ்கள் பல அடுக்காக உள்ள சம்பங்கியைத் தண்டோடு வெட்டிக் கொய்மலராக விற்கிறார்கள். ஒரே செடியினத்தின் இருவகையில் ஒன்று உதிரியாகவும் மற்றொன்று தண்டோடும் சந்தைக்கு வருகிறது. மல்லிகைக்கோ இந்தத் தெரிவு இல்லை. மொட்டாக இருக்கும்போதே விடியலில் பறித்து, வெயில் ஏறுமுன் சந்தை சேர்த்து, மாலையில் கூந்தலிலோ சாமி படத்திலோ விரியும்படி கணக்கிட வேண்டிய பூ அது. உதிரியாக இருக்கும் அந்தச் சில மணி நேரம் விவசாயிக்குப் பதற்றமான நேரம்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்கலாம். உதிரிப்பூ சரத்துக்கான கச்சாப் பொருள் மட்டுமன்று. அர்ச்சனைக்கும், தட்டில் பரப்புவதற்கும், மணமக்கள்மேல் தூவுவதற்கும் உதிரியே வேண்டும். தொடுத்த சரத்தைத் தூவ முடியாது. உதிரி என்றால் குறைபாடு, கோத்தால் நிறைவு என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சமையலறையில் அதுவே புகழ்ச்சி. ‘சோறு உதிரி உதிரியாக வந்திருக்கிறது’ என்றால் வடித்தவரின் கைப்பக்குவத்தை மெச்சுகிறோம் என்று பொருள். அரிசியின் மாவுப்பொருளில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு கூறுகள் உண்டு. அமைலோஸ் மிகுந்த அரிசி பருக்கை பருக்கையாக நிற்கும், அது குறைந்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புது அரிசி குழைவதும் பழைய அரிசி உதிரியாக நிற்பதும் வீட்டில் எல்லோரும் அறிந்தவை. ஆனால் கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இந்தப் புகழ்ச்சி பொருந்தாது. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நெய்விட்டுப் பிசைந்து உண்ணும் அந்தச் சாதம் உதிரியாக வந்துவிட்டால், தண்ணீர் போதவில்லை என்றே சொல்வார்கள்.

கோயம்புத்தூருக்குள் நுழைந்தால் சொல்லின் முகம் மாறுகிறது. இங்கே உதிரி என்றதும் நினைவுக்கு வருவது உதிரிபாகம். (இலக்கணப்படி ‘உதிரிப் பாகம்’ என்று ஒற்று மிக்கு வர வேண்டும், கடைப் பலகைகளோ பெரும்பாலும் ‘உதிரி பாகம்’ என்றே எழுதுகின்றன. இந்தச் சொல் தன் தொடரிலேயே ஒட்டாமல் உதிரியாக நிற்பது ஒரு வேடிக்கை.) இந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் தொடக்கத்தில் குழப்பம் தருவது. ஒன்று, எந்திரத்தை உருவாக்கும் உறுப்பு. மற்றொன்று, பழுதானால் மாற்றுவதற்கெனத் தனியே வைத்திருக்கும் உறுப்பு. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு சிறு பட்டறை மோட்டார் பம்புக்கு ‘புஷ்’ (சுழலும் தண்டைத் தாங்கும் குழல் வடிவ உறுப்பு) கடைந்து தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பம்பு ஆலை வாங்கினால் அது இனிமேல் பிறக்கப்போகும் ஓர் எந்திரத்தின் உறுப்பு. அதே புஷ்ஷைப் பல்லடம் பக்கத்து விவசாயி கடையில் வாங்கினால், கிணற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தில் தேய்ந்துபோன ஒன்றின் இடத்துக்கு அது போகிறது. முன்னது சேரப்போகும் உதிரி. பின்னது உதிர்ந்த ஒன்றுக்கு மாற்றாக வரும் உதிரி. பட்டறைக்காரருக்கு இந்த வேறுபாடு தேவையில்லை. அவருக்கு அளவு சரியாக இருந்தால் போதும்.

அந்த ‘அளவு சரியாக இருந்தால் போதும்’ என்பதில்தான் உதிரிபாகம் என்னும் கருத்தின் உயிர் இருக்கிறது. கைத்தொழில் காலத்துப் பொருளுக்கு உதிரிபாகம் கிடையாது. தச்சர் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரத்தை அந்தச் சக்கரத்துக்கென்றே செதுக்குவார். அதை அடுத்த வண்டியில் செருகினால் பொருந்துமென்று உறுதி சொல்ல முடியாது. திருகாணியும் மரையும்கூட ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. ஒரு பட்டறையின் போல்ட்டு மற்றொரு பட்டறையின் நட்டில் ஏறாது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த் 1841-இல், இன்ன பருமனுள்ள போல்ட்டுக்கு இத்தனை புரி, புரியின் கோணம் 55 பாகை என்று ஒரு பொது அளவை முன்வைத்தார். அளவு பொதுவான பிறகுதான், யார் செய்தாலும் யாருடைய எந்திரத்திலும் பொருந்தும் உறுப்பு என்ற ஒன்று இயலக்கூடியதாயிற்று. பிணைப்பின் விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தால்தான் ஒரு பொருள் நிம்மதியாக உதிரியாக இருக்க முடியும்.

கோவையின் தொழில் வரலாற்றையே இந்தக் கண்ணால் படிக்கலாம். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியபோதும் அதன்பின் மற்ற ஆலைகள் வந்தபோதும் நூற்பு எந்திரங்கள் கடல் கடந்தே வந்தன. கடல் கடந்து வந்த எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது. உள்ளூரில் வார்த்துக் கடைந்து போட்டாக வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். 1962-இல் நூற்பு எந்திரங்களையே செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றியது. உதிரிபாகம் கடையக் கற்ற கைகள் சில பத்தாண்டுகளில் முழு எந்திரம் கட்டும் கைகளாயின என்பது என் கணிப்பு.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்பார்கள். அது ஆங்கிலத்தின் பொதுச் சொல் என்று நினைப்பவர் பலர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு உண்டு. 1900-களின் தொடக்கத்தில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்ற நிறுவனம் அந்தத் தெருவின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஏதோ ஒரு தெருவின் பெயர் அங்கிருந்து உதிர்ந்து நம் நெடுஞ்சாலைகளில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இலக்கியத்துக்கு வந்தால், உதிரிப்பாடல் என்பது எந்தக் காப்பியத்திலும் நூலிலும் அடங்காமல் தனியே வழங்கும் பாடல். மரபான அணியிலக்கணம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனியே நின்று தன்னளவில் பொருள் முடிவது முத்தகம்; பல பாடல்கள் சேர்ந்து ஒரு வினைமுற்றில் முடிவது குளகம்; தனித்தனிப் பாடல்களை ஏதேனும் ஒரு நியதியால் தொகுத்தது தொகைநிலை; கதைபோல் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. இவற்றில் முத்தகம் என்னும் பெயரே, ‘விடுபட்டது’ என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆகவே முத்தகமும் உதிரியும் ஏறக்குறைய ஒரே கருத்தை இரு வழியில் சொல்கின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: உதிரிபாகம் எந்திரத்துக்கு வெளியே எதற்கும் பயன்படாத இரும்பு, முத்தகமோ நூலுக்கு வெளியேயும் முழுமையான கவிதை.

அகநானூற்றின் அமைப்பு உதிரிகளைக் கோக்கும் கலைக்கு மிக நல்ல சான்று. பல புலவர்கள் பல காலங்களில் பாடிய நானூறு தனிப்பாடல்களைத் தொகுத்தவர், அவற்றை எண்ணாலேயே கோத்திருக்கிறார். ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் எல்லாம் பாலைத்திணை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்கள் குறிஞ்சி; நான்கில் முடிவன முல்லை; ஆறில் முடிவன மருதம்; பத்தின் மடங்குகள் நெய்தல். பாடலைப் படிக்காமல் எண்ணை மட்டும் கேட்டே திணையைச் சொல்லிவிடலாம். அந்நூலின் மூன்று பகுதிகளுக்கும் இட்ட பெயர்களைப் பாருங்கள்: முதல் 120 பாடல்கள் களிற்றியானை நிரை, அடுத்த 180 மணிமிடை பவளம், இறுதி 100 நித்திலக் கோவை. வரிசையாக நிற்றல், இடையிட்டுப் பொருந்துதல், நூலில் கோத்தல் என்று மூன்று பெயர்களும் உதிரிகளைச் சேர்க்கும் மூன்று முறைகளைச் சொல்கின்றன.

சதகம் என்னும் சிற்றிலக்கியம் தனிப்பாடலுக்கும் தொகைக்கும் நடுவே நிற்பது. விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகத்தில் ஒவ்வொரு பாட்டும் ஓர் ஊரையோ ஒரு கொடையாளரையோ ஒரு நிகழ்ச்சியையோ பற்றியது. எதை எடுத்து எங்கே வைத்துப் படித்தாலும் பொருள் கெடாது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் ‘கொங்கு மண்டலமே’ என்று முடிவதால், அந்த முடிப்பே நாராகி எல்லாவற்றையும் ஒரு சரமாக்கிவிடுகிறது.

நூல் கோப்பதைப் பேசும்போது அச்சுக் கோப்பதையும் பேச வேண்டும். கணினி வருவதற்கு முன் அச்சகங்களில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனி ஈயத் துண்டாக இருந்தது. அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்குபவருக்கு அச்சுக்கோப்பவர் என்று பெயர். அச்சடித்து முடிந்ததும் கோத்ததைக் கலைத்து, துண்டுகளை அதனதன் அறைக்கே திருப்பிப் போட வேண்டும். இன்றைக்கு ஒரு திருமண அழைப்பில் நின்ற ‘ம’ நாளைக்கு ஒரு நிலவரி அறிவிப்பில் நிற்கும். தமிழுக்கு இதில் ஒரு தொல்லை இருந்தது. ண, ற, ன ஆகியவற்றோடு ஆகாரம் சேரும்போது கால் தனியே நிற்காமல் எழுத்தோடு பின்னிக்கொள்ளும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போன்ற ஒரு சுழியை முன்னால் கொண்டிருக்கும். இந்தப் பின்னல்களுக்கெல்லாம் தனித் துண்டுகள் வார்த்து, தனி அறைகள் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஈரோட்டில் 1925-இல் தொடங்கப்பெற்ற குடி அரசு இதழில், 1935 முதல் பெரியார் இந்தப் பின்னலை அவிழ்த்தார். காலைத் தனியே எடுத்து ‘ணா’ என்றும், எல்லா ஐகாரத்துக்கும் உள்ள அதே குறியை இட்டு ‘னை’ என்றும் அச்சிட்டார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்து 13 எழுத்துகளுக்கு இந்த வடிவத்தை ஏற்றது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஒட்டியிருந்ததை உதிரியாக்கியதால் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது, கற்பவருக்கும் சுமை குறைந்தது. விட்வர்த்தின் போல்ட்டுக்கும் இந்தக் காலுக்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லா ‘ஆ’வுக்கும் ஒரே கால் என்றான பிறகு, அந்தக் கால் எந்த எழுத்திலும் பொருந்தும் உதிரிபாகம் ஆகிவிட்டது.

கிரிக்கெட்டில் உதிரிகள் என்பவை, மட்டையாளர் எவர் கணக்கிலும் சேராமல் அணியின் கணக்கில் மட்டும் சேரும் ஓட்டங்கள்: அகலப் பந்து, நோ பால், பை, லெக் பை முதலியவை. ஆஸ்திரேலியர்கள் இதற்கு வழங்கும் ‘சண்டரீஸ்’ (பல்வகைச் சில்லறைகள்) என்னும் பெயர் தமிழ்ச் சொல்லுக்கு மிக நெருங்கியது. மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவதை இன்று ‘லூசு’ என்கிறோம். அதற்கு வரிச் சட்டத்திலும் ஒரு மதிப்புண்டு: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பையில் அடைத்துச் சீட்டு ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டபோது, அடைக்காமல் உதிரியாக நிறுத்து விற்பவற்றுக்கு அந்த வரி இல்லை என்று அறிவித்தார்கள்.

மனிதர்களை உதிரி என்னும்போது சொல் கனக்கத் தொடங்குகிறது. மார்க்சிய எழுத்துகளில் வரும் ‘உதிரிப் பாட்டாளி வர்க்கம்’ என்பது, மார்க்சும் எங்கெல்சும் 1840-களில் ஜெர்மன் மொழியில் ஆக்கிய ‘லும்பன் புரோலட்டேரியட்’ என்பதன் தமிழாக்கம். நிலையான உற்பத்தித் தொழில் எதிலும் ஒட்டாமல், கிடைத்ததைக் கொண்டு நாளைக் கடத்தும் கூட்டம் என்பது அதன் பொருள். ஜெர்மன் மொழியின் ‘லும்பன்’ கந்தலைக் குறிப்பது. அதில் இகழ்ச்சி வெளிப்படை. தமிழாக்கியவர்கள் கந்தலை விட்டுவிட்டு உதிரியை எடுத்தார்கள். அதனால் கந்தல் என்னும் வசை நீங்கி, எதிலிருந்து உதிர்ந்தார்கள் என்னும் கேள்வி வந்து சேர்ந்தது. நிலத்திலிருந்தா, தறியிலிருந்தா, மூடிய ஆலையிலிருந்தா? மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நியாயமாக அமைந்துவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

உதிரித் தொழிலாளர் என்பது இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு சொல். ஒரு முதலாளியிடம் நிலையாக இல்லாமல், பல இடங்களில் நாட்கூலிக்கோ ‘பீஸ் ரேட்டு’க்கோ உழைப்பவரை அது குறிக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் பின்னலுக்கு ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், வெட்டித் தைக்க ஓரிடம், செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் ஓரிடம் என்று போய்வருகிறது. தொழிலே உதிரியாகக் கிடக்க, துணிதான் அதைக் கோக்கும் நூலாக ஓடுகிறது. அங்கே உழைப்பவருள் பலர் வாரம் ஒரு கம்பெனி மாறினாலும் அவர்கள் உற்பத்திக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர், அதன் நடுவிலேயே நிற்பவர்கள். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன்வழி அமைந்த நல வாரியங்களும் நிலையான முதலாளி இல்லாத இத்தகையவர்களைக் கருதி வந்தவை. அரசு ஆவணங்கள் ‘அமைப்புசாராத் தொழிலாளர்’ என்று எழுதுகின்றன. அதில் ‘சாராத’ என்பது குற்றம் தொழிலாளருடையதுபோல் ஒலிப்பதாக எனக்குப் படுகிறது.

தேர்தல் பேச்சில் உதிரிக் கட்சி, உதிரி வாக்கு என்பவை பெரும்பாலும் அலட்சியமாகவே வரும்: எந்தக் கூட்டணியிலும் சேராதது, எந்தப் பக்கமும் கணக்கில் வராதது. கூட்டிப் பார்க்கும்வரை அந்த அலட்சியம் நீடிக்கும். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்பதைக் காட்ட விவசாயிகள் திரளாகப் போட்டியிட்டதே இதற்குக் காரணம். தனித்தனியே பார்த்தால் அவர்களுள் பெரும்பாலோர் உதிரி வேட்பாளர்கள்; எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. ஆனால் அத்தனை பெயர்களையும் ஒரு தாளில் அச்சிட இயலாமல், சீட்டு என்று பெயர்கொண்ட வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே கட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.